பூஜ்யம், ஒன்று, மூன்று, நான்கு

துறைமுக வாசலில் இன்றைக்கும் என்னைத் தொப்பிளான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்டில் நிற்கிற காவலாளி முதல் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் வரை எல்லாருக்கும் நான் தொப்பிளான். ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று எனக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்குகளுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்சி. அவள் அங்கே டைப்பிஸ்ட். நான் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸுக்கும் துறைமுகத்துக்கும் அலைகிறவன். மத்தியானத்துக்கு மேல் நானும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெயில் அனுப்ப வேண்டும். என் மேஜை அவள் மேஜைக்கு நேர் எதிர். எட்டு வருஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். மனசுக்குள் வேறு என்னென்னவோ கூப்பிட்டேன்.

சரக்குக் காகிதங்களில் கீபோர்டில் இல்லாத குறிகள் நிறைய வரும். உறைந்த மீன் போகிறது என்றால் டிகிரிக் குறி ° வேண்டும். எடை கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால் ± வேண்டும். இரும்புக் குழாயின் விட்டத்துக்கு Ø. நாங்களெல்லாம் அதற்கென்று இருக்கிற பெட்டியைத் திறந்து, மவுஸை உருட்டி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தேடி எடுப்போம். அவள் மவுஸைத் தொட மாட்டாள். ஒவ்வொரு குறிக்கும் இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்துகிற மாதிரி அவளே ஒரு வழி செய்து வைத்திருந்தாள். குறிகள் மட்டுமல்ல. இரண்டு எழுத்து தட்டி இடைவெளி விட்டால் டென்மார்க் பார்ட்டியின் விலாசம் முழுசாக வந்து விழும், அவர்கள் ஊர் எழுத்துக்களோடு. நான் அரை மணி நேரம் முட்டி மோதுகிற காகிதத்தை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள்.

வேறு கம்ப்யூட்டரில் உட்கார நேர்ந்தால் அங்கே அவள் செய்து வைத்த வழிகள் இருக்காது. அப்போதும் தேட மாட்டாள். இடது கைக் கட்டை விரலால் ஆல்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் இருக்கிற எண் பட்டன்களில் நான்கு எண்கள் தட்டுவாள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண். டிகிரிக்கு 0176. ± வேண்டுமென்றால் 0177. அத்தனையும் மனப்பாடம். அந்த நான்கு தட்டல்களின் சத்தமும், விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதும் எனக்கே பழகிப்போயிற்று.

அந்த வித்தையை யாருக்கும் சொல்லித்தர மாட்டாள். கேட்டால், "கை தான் செய்யுது, எனக்கு இன்னா தெரியும்" என்பாள். எழுந்து போகும்போது கீபோர்டின்மேல் ஒரு நீலத் துண்டைப் போர்த்திவிட்டுப் போவாள். துண்டின் மடிப்பு எப்போதும் இடது மேல் மூலையில் எஸ்கேப் பட்டன் பக்கம் இருக்கும்.

இடது கைச் சுண்டுவிரல் அவளுக்குப் பாதிதான். காசிமேட்டில் அவள் அப்பா ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்திருந்தார். ஏழு வயதில் அந்த மெஷின் மீதி விரலை எடுத்துக்கொண்டது. அவள் செய்து வைத்த பட்டன் சேர்க்கைகள் எதிலும் அந்த விரலுக்கு வேலை கிடையாது.

யாராவது ஏதாவது சொன்னால் அவள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முகம் கூடச் சுளிக்க மாட்டாள். சிரித்துக்கொண்டே, "எனக்குக் கோவமே வராது, ஞாபகம் தான் கீது" என்பாள். சாதாரணமாகச் சொல்கிற மாதிரி இருக்கும். கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். அவள் மறக்க மாட்டாள்.

ஒரு தடவை கப்பல் கம்பெனி கிளார்க் ஒருத்தர், டிகிரிக் குறி சரியாக இல்லை, சின்ன ஓ எழுத்தைப் போட்டிருக்கிறாய் என்று அவள் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது நான் அவசரத்தில் போட்டது, ஆனால் கையெழுத்து அவளுடையது. அன்றிலிருந்து அந்த கிளார்க்குக்குப் போகிற ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அன்றைய சென்னை வெயில் எத்தனை டிகிரி என்று சரியான குறியோடு போட்டு அனுப்பினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் போட்டாள். அவருடைய மேனேஜர் ஓய்வு பெற்ற செய்திக்குப் பதில் அனுப்பியபோதும் போட்டாள். இரண்டு வருஷம் கழித்து அந்த மனுஷன் போன் செய்து, "தாயே, வுட்டுடு" என்றார். அவள் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்தவனுக்கு நடக்கிற வரைக்கும் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம். அவள் வரத் தாமதமான ஒரு காலையில், அவசரக் காகிதம் ஒன்று வேண்டுமென்று அவள் மெஷினில் உட்கார்ந்தேன். எந்தப் பட்டனைத் தொட்டாலும் வேறு ஏதோ வந்து விழுந்தது. ஒரு பக்கம் முழுக்கக் குப்பையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானம். அதை மறைக்க வாயை விட்டேன்.

"இன்னாக்கா இது, டைப் அடிக்கிற வேல தானே. ராக்கெட் வுட்ற மாதிரி சீன் போட்டுகினு கீறீங்க. ரெண்டு மாசம் குந்துனா எவன் வேணா கத்துப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "கரெக்டு தான்டா. ஞாபகம் வெச்சிக்கிறேன்" என்றாள்.

ஐந்து மாதம் ஒன்றுமில்லை. ஒரு நாள் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு அம்மா ஆபீஸ் மாடியேறி வந்தாள். படியிலிருந்தே, "டேய் தொப்பிளான்" என்று கத்தினாள். சின்ன வயதில் எனக்குத் தொப்பை இருந்ததால் வீட்டில் வைத்த பெயர். அவள்தான் எழுந்து போய் அம்மாவுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நல்ல பொண்ணு என்று அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அடுத்த திங்கட்கிழமை துறைமுகம், கப்பல் கம்பெனி, சர்வேயர் என்று நாற்பது பேருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். கீழே வழக்கம்போல என் பெயரை அடித்தேன், பார்க்காமலே அனுப்பினேன். 'டியர் மிஸ்டர் தொப்பிளான்' என்று முதல் பதில் வந்தது. என் முழுப் பெயரை அடித்து முடித்ததும் அது தானாகத் தொப்பிளான் என்று மாறி விழுகிற மாதிரி என் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்தாள். எங்கே, எப்படி என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மூன்று நாள் போராடிவிட்டு அவளிடமே போய் நின்றேன்.

"ரெண்டு மாசம் குந்துடா. கத்துகினு எடுத்துடலாம்" என்றாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. அதுகூடப் போகட்டும். அடுத்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பார்த்து எனக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் பையனைப் பற்றி விசாரிக்கத் துறைமுக வாசலுக்கு வந்து என் நல்ல பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று நான்கு பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள். வேலை இருப்பதாகப் பொய் சொன்ன பையன் என்று சம்பந்தம் முறிந்துபோனது. இதை அவளிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த அளவுக்குப் போவும்னு நெனக்கல" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நானும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவள் பதினெட்டு வயதில் தண்டையார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தாள். ஒன்பதரை விரலை வைத்துக்கொண்டு ஹையர் பரீட்சை பாஸ் பண்ண முடியாது, பணத்தைத் திருப்பித் தருகிறேன், போய்விடு என்று அதை நடத்தியவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். அவள் போகவில்லை, பாஸ் செய்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம், ரிசல்ட் வந்த அதே தேதியில், அவருக்கு ஒரு காகிதம் தபாலில் அனுப்புவாள். அந்த ஆளின் மெஷின்களில் அடிக்கவே முடியாத குறிகளாகப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் முழுக்க நிரப்பியிருப்பாள். பெயர் எழுத மாட்டாள். "அவருக்குத் தெரியும் யாருன்னு" என்பாள்.

ஒரு நாள் அந்தப் பெரியவர் எங்கள் ஆபீஸுக்கே வந்தார். இன்ஸ்டிடியூட்டை மூடி நாளாகிவிட்டது. பேரனுக்கு வேலை கேட்டு வந்திருந்தார். அவள் எழுந்து நின்றாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"வருசா வருசம் உங்களுக்கு ஒரு பேப்பர் வருமே சார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. எவனோ மெஷின் விக்கிற கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்புறான். வூட்ல பொட்லம் கட்ட எடுத்துப்பாங்க. அது எப்டிம்மா உனக்குத் தெரியும்?"

அவள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "படி செங்குத்தா கீது, பாத்து வாங்க சார்" என்று கையைப் பிடித்துக் கீழே வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து சில பட்டன்களைத் தட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தோ பாரு" என்றாள். அந்தப் பெரியவரின் பெயரை அடித்தாள். அடித்து முடித்ததும் பெயருக்கு முன்னால் தானாக ஒரு சின்னச் சிலுவை வந்து நின்றது, இப்படி: †.

எங்கள் கோயில் பக்கத்து ஜனங்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ராயபுரத்தில் கிறிஸ்தவர் யார் இறந்தாலும் சுவரில் ஒட்டுகிற போஸ்டரிலும், முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கிற நினைவு அட்டையிலும் பெயருக்கு முன்னால் அந்தச் சிலுவைதான் இருக்கும்.

"இனிமே பேப்பர் போவாதா?" என்று கேட்டேன்.

"செத்தவங்க மேல இன்னாடா கோவம்? மரியாத தான் குடுக்கணும்" என்றாள்.

அதற்கப்புறம் அவரைப் பற்றி அவள் பேசிக் கேட்டதில்லை. 

முதலாளிக்குச் சர்க்கரை முற்றிக் கால் எடுத்த பிறகு அவருடைய மருமகன் ஆபீஸைப் பார்க்க வந்தார். ஒரே ஒருத்தி கையில் ஆபீஸ் வேலை மாட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் செய்து வைத்திருந்த வழிகளை எல்லா மெஷினிலும் போடச் சொன்னார். "என் கைய வெட்டித் தான் சார் எடுக்கணும்" என்று சிரித்தாள். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உன்னால எடுக்க முடியுமா?"

முடியும் என்றேன். அதற்கு இரண்டு மாதம் உட்காரவில்லை, இரண்டு வாரம் யூடியூப் பார்த்தேன். அவ்வளவு வித்தையும் இரண்டே இரண்டு ஃபைல்களில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, நீலத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, ஃபைல்களைப் பென் டிரைவில் ஏற்றினேன், துண்டைத் திரும்பப் போர்த்தினேன்.  சந்தோஷமாகத்தான் இருந்தது. முறிந்துபோன சம்பந்தத்தை நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். பையில் எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் போட்டாள். பிறகு நீலத் துண்டைக் கீபோர்டின்மேல் ஒரு தடவை விரித்து, மடிப்பை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மடிப்பு எஸ்கேப் பக்கம் வரணும். அன்னிக்கு நீ மாத்திப் போட்டுட்ட தொப்பிளான்" என்றாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "வர்ட்டா? ஞாபகம் கீது."

நான் ஃபைலை எடுத்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு குஷி இருந்தது. வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் என்னை எதிரியாக மதித்த கடைசி நாள் அதுதான்.

அவள் வேலை என் தலையில் விழுந்தது. அவளுடைய வழிகளெல்லாம் என் விரலில் நன்றாகவே வேலை செய்தன. இரண்டாவது மாதம், காசிமேட்டுக் கம்பெனி ஒன்றின் உறைந்த கணவாய் மீன் ஒரு கன்டெய்னர் எண்ணூரிலிருந்து கப்பல் ஏற வேண்டியிருந்தது. மைனஸ் பதினெட்டு டிகிரியில் போக வேண்டிய சரக்கு. எல்லாக் காகிதத்தையும் சரியாக அடித்தேன். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் புக்கிங் போடும்போது வெப்பநிலைப் பெட்டியில், அடித்து வைத்திருந்த −18 என்பதை அப்படியே எடுத்து ஒட்டினேன். அனுப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டி மைனஸை முழுங்கிவிட்டது. வெறும் பதினெட்டு என்று பதிவானது. பதினெட்டு டிகிரியில் சாக்லேட் போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் குளிர்சாதன கன்டெய்னரைப் பதினெட்டில் வைத்து நான்கு நாள் யார்டில் நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாம் நாள் நாற்றம் தாங்காமல் யார்டுக்காரர்கள் போன் செய்தார்கள். கதவைத் திறந்தபோது நானும் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வாந்தி எடுத்தார்.

மருமகன் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "யார் தப்பு?"

ஒரு விநாடிதான் யோசித்தேன். "அந்த ஃபைல்ல ஏதோ வெச்சிட்டுப் போயிருக்காங்க சார். அவங்க எப்டிப் பழி வாங்குவாங்கன்னு ஆபீஸுக்கே தெரியும்" என்றேன்.

உடனே நம்பினார். ஆபீஸில் எல்லாரும் நம்பினார்கள். அந்த டிகிரிக் கதையையும் என் பெயர்க் கதையையும் ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவள் எட்டு வருஷம் செய்ததெல்லாம் ஒரே நாளில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மருமகன் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். அவள் அப்போது திருவொற்றியூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் டைப்பிங் வேலைக்குப் பேசி வைத்திருந்தாள். கேஸ் என்று ஒன்று விழுந்தால் அந்த வாசலில் அவளை யாரும் உட்கார விடமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஸ்டேஷனுக்கு எங்கள் மூன்று பேரையும் வரச்சொன்னார்கள். தோளில் நீலத் துண்டோடு வந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும், "இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல சூனியம் வெச்சிட்டியாமே?" என்றார்.

"இந்த மிஷின்ல நெட்டு கீதா சார்?" என்று கேட்டாள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கப்பல் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, மருமகனைப் பாஸ்வேர்டு போடச் சொன்னாள். வெப்பநிலைப் பெட்டியில் நீளமான மைனஸோடு பதினெட்டை எடுத்து ஒட்டினாள். பெட்டியில் 18 மட்டும் நின்றது. அதை அழித்துவிட்டு, ஓரத்து எண் பட்டன்களில் இருக்கிற சின்ன மைனஸைத் தட்டிப் பதினெட்டு அடித்தாள். -18 என்று நின்றது.

"காயிதத்துல அச்சடிக்க நீட்டு மைனஸ் சார், அதான் அந்த ஃபைல்ல கீது. இந்தப் பொட்டிக்கு அது ஆவாது, முழுங்கிடும். இங்க வர்றப்ப நான் ஒட்டவே மாட்டேன், கையால தான் தட்டுவேன். எதுர்ல குந்திகினு எட்டு வருசம் பாத்தவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

பாத்தவருக்கு என்றாள். எட்டு வருஷத்தில் அவள் வாயில் எனக்கு மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை. அது என்ன என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை.

எஸ்.ஐ. விவரமானவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ அந்த ஃபைலு இவங்க கைக்கு எப்டி வந்துச்சி? நீயா குடுத்தியா, உனக்குத் தெரியாம எடுத்துகினாங்களா? திருடி எடுத்திருந்தா சொல்லு, அது வேற மாதிரி போவும்."

மருமகன் என் பக்கம் திரும்பினார். அவர் என்னைக் கைகாட்டத் தயாராகிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சரி, வந்துவிட்டது என்று நான் நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பது போன்ற பார்வை. "நான் தான் சார் குடுத்தேன். ஆபீஸ் வேலைக்குச் செஞ்சது, ஆபீஸுக்கே குடுத்துட்டேன்" என்றாள்.

புகாரை வாபஸ் வாங்குவதாக ஒரு காகிதம் எழுத வேண்டியிருந்தது. ரைட்டர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "நான் அடிக்கட்டுமா சார்?" என்று அவளே உட்கார்ந்தாள். மளமளவென்று அடித்தாள். கடைசியில் ஆஜரானவர்களின் பெயர்கள். மருமகன் பெயரை அடித்தாள். அடுத்தது என் பெயர். ஒரு விநாடி நிறுத்தினாள். இடது கைக் கட்டை விரல் ஆல்ட் பட்டனுக்குப் போனது. வலது கை ஓரத்துக்குப் போனது. பூஜ்யம், ஒன்று, மூன்று, நான்கு.

அது எதற்கான எண் என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. பிரிண்டரிலிருந்து காகிதம் வந்த பிறகு தெரிந்தது.

எஸ்.ஐ. படித்துப் பார்த்தார். "இன்னாம்மா, இவர் பேருக்கு முன்னால மட்டும் சிலுவ கீது?"

"அவர் வேதக்காரர் தான் சார். வேணாம்னா எடுத்துடறேன். அவரையே கேளுங்க."

அந்த அறையில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எஸ்.ஐ. பேனாவை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எடுக்கச் சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்திருப்பாள், அதில் சந்தேகமில்லை.

"இருக்கட்டும் சார்" என்றேன். சிலுவைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்து, "பாத்துப் போங்க. வெயில் ஜாஸ்தியா கீது" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். மருமகன் என்னை அந்த மாதமே நிறுத்தினார். வேறு ஏஜென்சியில் சேர்ந்தேன். அதே துறைமுக வாசல், அதே தொப்பிளான்.

அவளுடைய அடி எப்போது விழும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு மெயிலையும் மூன்று தடவை படித்துவிட்டு அனுப்பினேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். மொட்டைக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், அம்மாவிடம் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷம் போனது. எனக்கு அவள்மேல் முன்பைவிடக் கோபம் வந்தது. அந்த கிளார்க்குக்கு இரண்டு வருஷம் செலவழித்தவள், என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லையே என்ற ஆத்திரம். போய்ச் சண்டையிழுத்தாவது அவளைக் கிளப்பிவிட வேண்டுமென்று ஒரு சனிக்கிழமை திருவொற்றியூருக்குக் கிளம்பினேன்.

நோட்டரி வாசலில் ஒரு தகர ஷெட்டுக்குக் கீழே அவள் மேஜை. நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் நீலத் துண்டு, மடிப்பு எஸ்கேப் பக்கம். என் முறை வந்தது.

"உக்காருங்க சார். இன்னா அடிக்கணும்?"

"வூடு மாத்திகினு வந்ததுக்கு ஒரு லெட்டர்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பேரு சொல்லுங்க."

"தொப்பிளான்னு போடுக்கா."

யாருக்கும் நான் அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. அவள் முகத்தில் ஏதாவது அசையுமா என்று பார்த்தேன்.

"லெட்டருக்கு முழுப் பேரு வேணும் சார்."

சொன்னேன். அடித்தாள். அடித்து முடித்ததும் திரையில் என் பெயருக்கு முன்னால் தானாகச் சிலுவை வந்து நின்றது. அவள் ஒரு பட்டனைத் தட்டினாள், சிலுவை போய்விட்டது. தும்மலுக்குக் கைக்குட்டை எடுப்பது போல, அவ்வளவு சாதாரணமாக. பிரிண்ட் எடுத்து, ஓரம் மடங்காமல் என்னிடம் நீட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அந்த ஃபைலு நான் தான்க்கா எடுத்தேன். போலீஸ் வரிக்கும் போனதும் என்னால தான். நான் தான் சொல்லிக்குடுத்தேன். எனக்கு ஏதாவது பண்ணுக்கா. இன்னா வேணா பண்ணு. உனக்குத் தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். வயசானவர்களைப் படியிறக்கி விடும்போது வருமே, அந்தக் கனிவு முகத்தில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்றாள். பிறகு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அடுத்த ஆளை வரச்சொன்னாள்.